மூன்று ஸபீனா

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பெட்டி திரும்பி வந்தது. கற்பிட்டி ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஜவ்பர் ஹாஜியார் த்ரீவீலில் ஏற்றி அனுப்பியிருந்தார். நாற்பத்தெட்டுப் போத்தலும் போன மாதிரியே இருந்தன. த்ரீவீல்காரன் பெட்டியை முற்றத்து மணலில் இறக்கி வைத்துவிட்டு, "நோன்பு முடியட்டுமாம், பொறகு பாப்பமாம் எண்டு ஹாஜியார் சொன்ன" என்று சொல்லி, முகத்தைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினான்.

நோன்பு தொடங்கவே இன்னும் பதினெட்டு நாள் கிடந்தது. அதற்குள் முடிந்த பிறகு பார்ப்பாராம்.

ஸுலைஹா சுளகைக் கீழே வைத்தாள். தரையில் விரித்த படங்கில் பரப்பிய கூனி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. களப்பில் அள்ளுகிற குஞ்சு இறால்தான் கூனி. சருகு மாதிரிச் சத்தம் கேட்கும்வரை காய வேண்டும். பிறகு வறுத்து, செத்தல் மிளகாயோடு இடித்து, எண்ணெயில் வாட்டி, நன்றாக ஆறவிட்டுப் போத்தலில் அடைத்தால் ஆறு மாதத்துக்கு அசையாது. விடியுமுன் சஹருக்கு எழும்புகிற வீடுகளில் கறி காய்ச்ச நேரமிருக்காது. சோற்றில் இந்தச் சம்பலைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நோன்புக்கு நிய்யத் வைப்பார்கள். அவளுக்கு வருசத்தின் பாதி வியாபாரம் நோன்பு மாதம்தான். புருசன் முபாறக் கத்தாரிலிருந்து காசு அனுப்புவதும் அனுப்பாததும் அவர் மனசைப் பொறுத்தது. வீடு நிற்பது கூனியில்.

"உம்மா, இதக் கேளுங்க" என்று மகள் அஸ்கா போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். பட்டம் எடுத்து இரண்டு வருசம், வேலை இல்லை. போத்தலுக்கு லேபிள் கீறியதும் பிரதேச செயலகத்தில் வர்த்தகப் பதிவு எடுத்ததும் அவள்தான்.

போனில் யாரோ ஒரு ஆம்பிளை மூச்சு வாங்க வாங்கப் பேசினான். "அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் அறிவிக்கிறது என்னண்டா, ஸபீனா எண்டு பேர் போட்ட எந்தச் சாமானையும் வாங்காதீங்க. நாப்பது புள்ளையள் ஆஸ்பத்திரியில. இத எல்லா குரூப்புக்கும் போடுங்க."

"எந்தச் சாமானையுமாம்" என்றாள் அஸ்கா. "எவன் இவன்? தண்ணி எண்டு சொல்ல வாயில்லையா இவனுக்கு?"

வியாழக்கிழமை பாடசாலையில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டி. பகல் பிள்ளைகளுக்குப் பேக்கரிப் பாணும் சம்பலும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னம் வாந்தி தொடங்கியது. மைதானத்தில் சுருண்டு கிடந்த பிள்ளைகளைப் படம் பிடித்தவர்கள் பக்கத்தில் கிடந்த போத்தலையும் சேர்த்துப் பிடித்தார்கள். நீல எழுத்தில் ஸபீனா. பாணில் பேர் இல்லை. சட்டியில் போன சம்பலிலும் பேர் இல்லை. பேர் இருந்தது போத்தலில் மட்டும். அவர்கள் குடியிருக்கும் நூறு வீட்டுத் திட்டத்துக்கு அது போதும். குற்றவாளியைப் பிடிக்க ஆள் தேவையில்லை, எழுத்து இருந்தால் சரி.

ஸபீனா ஸுலைஹாவின் வாப்பா ஓட்டிய வள்ளத்தின் பேர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் ஆளுக்கொரு பையோடு விரட்டப்பட்டபோது வள்ளம் கரையில் நின்றுவிட்டது. பள்ளிவாசல்துறைக்கு இந்தப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் குந்திய காலத்தில், "நீங்க ஆர்ட ஆக்கள்?" என்று கேட்டால், "ஸபீனாக்காரர்ட" என்றுதான் சொல்வார்கள். வாப்பா மௌத்தாகிப் பிள்ளைகள் மூன்று பேரும் தலையெடுத்தபோது, ஒருவரையொருவர் கேட்காமலே அந்தப் பேரை வைத்துக்கொண்டார்கள். மூத்தவர் உசனார் நானா கற்பிட்டியில் வள்ள என்ஜின் திருத்துகிற கடைக்கு வைத்தார். ஸுலைஹா சம்பலுக்கு வைத்தாள். இளையவன் நௌஃபர், இந்த உப்புத் தரையில் நல்ல தண்ணிக்குச் சனம் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, வடிகட்டும் மெஷின் வாங்கித் தண்ணி பிளான்ட் போட்டான். அதற்கும் அதே பேர்.

சம்பலின் பேரைக் கொழும்பில் வர்த்தகக் குறியாகப் பதியப் போன அஸ்கா, இதை அங்கே கேட்டுவிட்டு வந்திருந்தாள். சாமான்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்களாம். தண்ணீர் ஒரு வகுப்பு, மீன் சாப்பாடு வேறு, என்ஜின் திருத்துவது வேறு. ஒரே பேரை மூன்று பேர் மூன்று வகுப்பில் வைத்திருக்கலாம், சட்டம் குறுக்கே நிற்காது.

சட்டத்துக்கு மூன்று ஸபீனா. சனத்துக்கு ஒன்றே ஒன்று.

பகல் சாப்பாட்டுக்குள் இன்னும் இரண்டு பெட்டி வந்தன.

*

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு உசனாரும் நௌஃபரும் வந்தார்கள். திரும்பி வந்த பெட்டிகள் வீட்டு மண்டபத்தில் ஆளுயரத்துக்கு நின்றன. உசனார் அவற்றுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் வந்திட்டு" என்றார். "நேத்து ஒருத்தன் கேக்கிறான், நானா, உங்கட கடையில என்ஜினக் களுவினா வள்ளத்துக்கும் வயித்தால போகுமா எண்டு. நான் சொன்ன, உன்ட வள்ளத்துக்குப் போகாது, உனக்குப் போகும், ஸ்பானரால ஒண்டு போட்டா."

ஒருவரும் சிரிக்கவில்லை. நௌஃபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளில் கன்னம் ஒட்டிவிட்டது.

"நாளைக்கு நாலு மணிக்கு பிளான்டுக்கு சீல் வெக்க வாறாங்களாம்" என்றான். "றிப்போட் வர ரெண்டு கிழம ஆகுமாம். அதுக்கு முதலே மூடச் சொல்லி பள்ளிவாசல் ஆக்களும் பெட்டிஷன் குடுத்திரிக்காங்க."

"சரி, மூடு" என்றாள் ஸுலைஹா.

நௌஃபர் நிமிர்ந்தான். "ராத்தா, தண்ணியில ஒண்டுமில்ல. வியாழக்கிழமை அதே டாங்கிலதான் என்ட மூணு புள்ளையளும் குடிச்ச."

"அப்ப நாப்பது புள்ளையளும் காத்தக் குடிச்சா வாந்தியெடுத்த?"

"அது எனக்குத் தெரியா."

"தெரியாதவனுக்கு என்னத்துக்கு பிளான்ட்?"

"ஏய், மெதுவாக் கதை" என்றார் உசனார். "றோட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும் நானா. இவனுக்குக் கேக்குதில்லயே. பேர மாத்தச் சொல்லுங்க இவன. தண்ணிக்கு வேற பேரா இல்ல உலகத்துல?"

"இப்ப மாத்தினா, நான்தான் நஞ்சு குடுத்த எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி" என்றான் நௌஃபர். "அப்பிடியெண்டா நீங்க மாத்துங்களன்."

"நான் ஏன் மாத்தோணும்? உனக்கு முதல் போட்டவ நான். கடசியா வந்து ஒட்டினவன் நீ."

"வாப்பாட பேர்ல முதலாம் ஆள், ரெண்டாம் ஆள் இரிக்கா ராத்தா?"

அஸ்கா இடையில் நுழைந்தாள். கையில் அச்சடித்த தாள் இருந்தது. "மாமா, கோவப்படாதீங்க. இது நோட்டீஸ். சட்டப்படி நாங்க வேற, நீங்க வேற. அதத்தான் எழுதியிருக்கன். உம்மாட கையெழுத்தோட பேஸ்புக்கில போடப் போறன், கடையிலயும் ஒட்டப் போறன்."

நௌஃபர் வாங்கி வாசித்தான். ஸபீனா கூனிச் சம்பலுக்கும் ஸபீனா குடிநீருக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. நடந்த சம்பவத்துக்கு எமது நிறுவனம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல. இரண்டு தரம் வாசித்தான்.

"தொடர்பு கிடையாது" என்று மெல்லச் சொன்னான். "நல்லா எழுதியிரிக்காய் மகள்."

தாளை மடிக்காமல் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனான். வாசலில் செருப்பைத் தேடினான், ஒன்றுதான் உடனே கிடைத்தது. மற்றதைத் தேடிக்கொண்டு அவன் நின்ற அந்த அரை நிமிசத்தை ஸுலைஹா எப்படியோ கடந்துவிட்டாள். பிறகு பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தாள்.

உசனார் பெட்டியில் சாய்ந்தபடி கேட்டார். "நீ பாடசாலைக்குக் குடுத்த சம்பலையும் பாத்தானுகளா, பீ.எச்.ஐ. ஆக்கள்?"

"போத்தல் ஒண்டு குடுத்த நான். கொண்டு போன."

அது பொய்யில்லை. சுகாதாரப் பரிசோதகர் வெள்ளிக்கிழமை வந்து கேட்டார், அலுமாரித் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளும் அதற்கு மேல் சொல்லவில்லை.

*

திங்கட்கிழமை காலை கஞ்சி காய்ச்சிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதினொரு வருசமாக அவளிடம் கூனி வறுக்கிற மர்ளியாவின் மகள் றுமைஸா அங்கே கிடந்தாள். மற்றப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. முதலே இரத்தம் குறைந்த உடம்பு, பதின்மூன்று வயது, சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு உப்புத் தரை மாதிரி வெடித்திருந்தது.

"கொஞ்சம் குடி புள்ள" என்று ஸுலைஹா கரண்டியை நீட்டினாள். "வாய நனைச்சாக் காணும். அந்தத் தண்ணிய நெனச்சுக்கிட்டே கெடக்காத."

"நான் அந்தத் தண்ணி குடிக்கல்லயே மாமி."

கரண்டி நின்றது.

"எங்கட இல்லத்துக்கு வரக்குள்ள போத்தல் முடிஞ்சிட்டு. நான் வீட்டுத் தண்ணிதான் கொண்டு போன. பாணும் சம்பலும் மட்டும்தான் எடுத்த..." பிள்ளை சட்டென்று தாயைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மர்ளியா ஒன்றும் நடக்காத மாதிரி போர்வையை இழுத்துவிட்டாள். "கஞ்சி காணும் ராத்தா, சத்தியெடுப்பா. வாங்க, வெளிய நிப்பம்."

வெளியே தாழ்வாரத்தில் பினாயில் மணத்தது. ஈக்களை விரட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மர்ளியா சுவரோடு நின்று, முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குசுகுசுத்தாள்.

"நீங்க பயப்புடாதீங்க. பீ.எச்.ஐ. இங்கயும் வந்து கேட்ட. நான் ஒண்டும் சொல்லல்ல."

"என்னத்தச் சொல்லல்ல?"

மர்ளியா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஸுலைஹா தாங்கியிருப்பாள்.

"தேங்காப்பூ போட்டத. சூட்டோட மூடினத. புள்ளட்டயும் சொல்லி வெச்ச நான், வீட்டுத் தண்ணிக் கதைய எடுக்காத எண்டு. வாய் தவறிட்டு அவவுக்கு. மத்த ஆக்களுக்குச் சொல்ல மாட்டா, நான் பாத்துக்கொள்றன்."

"மர்ளியா..."

"நோன்பு வருதே ராத்தா. நீங்க மூடினா நாங்க எங்க போற?"

ஸுலைஹா அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள்.

அந்தச் சம்பல் செய்தது புதன்கிழமை பின்னேரம். அதிபர் முந்நூறு பிள்ளைக்குச் சம்பல் கேட்டிருந்தார். காசு வேண்டாம், வாப்பாவுக்கு நன்மை சேர ஸதகாவாக இருக்கட்டும் என்று அவளே வாயால் சொல்லியிருந்தாள். ஆனால் மூன்று நாளாக மாரியின் கடைசி மழை விட்டு விட்டுப் பெய்து, கூனி காய்ந்தது பாதிதான். அதிலும் நோன்பு ஓடருக்கு மிச்சம் பிடிக்க வேண்டும், குறைந்த அளவைத் தேங்காயால் ஈடுகட்டினாள். இருபத்தைந்து தேங்காய் திருவி, எண்ணெய்த் தாச்சியில் கொதித்த கூனியோடு பிரட்டி, சட்டியை நிரப்பினார்கள். எறும்பு வரிசை கட்டி வந்தது. மழைத்துமி கூரைக்குள் அடித்தது. அவள் மூடியை எடுத்தபோது மர்ளியா கையைப் பிடித்தாள்: "ஆறட்டும் ராத்தா. தேங்காப்பூ போட்டிரிக்கு, வேர்த்துப் பழுதாப் போயிரும்." ஸுலைஹா சொன்னது என்ன? "நீயா எனக்குச் சம்பல் செய்யப் படிச்சுத் தாற?" என்றாள். மூடி, சீலையால் இறுக்கிக் கட்டி, விடிந்து லொறி வரும்வரை திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் முதலாவது பிள்ளை வாந்தியெடுத்த செய்தி வந்தபோதே அவளுக்குத் தெரியும். அப்போதுதான் திரும்பி வந்திருந்த சட்டியை எடுத்து, மணல் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணி ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு போத்தல் படம் வந்தது. நௌஃபரில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளும் அதை விடவில்லை.

இப்போது பிடிக்க அது இல்லை. தன் பிள்ளை சேலைனில் கிடக்க, அதே பிள்ளையின் வாயைப் பொத்தி, முதலாளியைக் காப்பாற்றிக்கொண்டு ஒருத்தி எதிரே நிற்கிறாள்.

*

"உங்களுக்கு விசரா உம்மா?" என்றாள் அஸ்கா. ஆஸ்பத்திரியிலிருந்து தன்னைக் கூட்டிப்போக வந்த மகளிடம் ஸுலைஹா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். த்ரீவீல் ரோட்டுக் குழிகளில் துள்ளியது. இரண்டு பக்கமும் உப்பு வாய்க்கால் வெயிலில் கண்ணைக் குத்தியது. "நாலு மணிக்கு அங்க போய் என்னத்தச் சொல்லப் போறீங்க?"

"உள்ளதை."

"சம்பல் சாம்பிள் எடுக்கல்ல. சட்டி களுவியாச்சு. தண்ணியில ஒண்டுமில்ல எண்டு ரெண்டு கிழமையில றிப்போட் வரும், மாமா திறப்பாரு. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது. நீங்க வாயத் திறந்தாத்தான் கேஸ். கோர்ட். ஜெயில்கூட வரலாம், தெரியுமா? நான் படிச்ச படிப்புக்கு அதுவும் சேரட்டும்."

"றிப்போட் வந்தா சனம் நம்புமா? ரெண்டு கிழமையில அவனக் கொத்திப் போட்டிருவானுகள்."

"அது மாமாட பிரச்சின."

ஸுலைஹா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அதுவும் வேற வகுப்பா மகள்?"

அஸ்காவின் முகம் சிவந்தது. த்ரீவீல்காரன் கண்ணாடியில் பார்த்தான். "நீங்க ரோட்டப் பாருங்க நானா" என்று அவனில் எரிந்து விழுந்தாள். பிறகு குரல் இறங்கியது. "நான் உங்களுக்காகத்தானே உம்மா அந்த நோட்டீஸ எழுதின. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்திச்சே. என்னட்டயாவது சொல்லியிருக்கலாம்தானே?"

ஸுலைஹா கைப்பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.

*

பிளான்டுக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். அத்தனையும் ஆம்பிளைகள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மூன்று பேர் வெள்ளை உடுப்போடு முன்வரிசையில். ஜவ்பர் ஹாஜியாரும் நின்றார், கடையைப் பூட்டிவிட்டே வந்திருக்க வேண்டும். கேட்டில் நௌஃபர் சாவிக்கொத்தோடு நின்றான். அவன் மனைவி முஃபீதா ஜன்னலுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். உசனார் எண்ணெய்க் கறைச் சாரத்தோடு தம்பிக்குப் பக்கத்தில் நின்று, யாராவது ஒரு அடி முன்னால் வைத்தால் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெட்கமில்லாத ஆக்கள்! வாப்பாட பேர்ல புள்ளையளக் கொல்லப் பாத்த" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பரிசோதகர் மோட்டார் சைக்கிளின் சீட்டில் கோப்பை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சிங்களவர், இளவயது, வியர்த்து ஊறியிருந்தார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். ஸுலைஹா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"ராத்தா, வீட்ட போங்க" என்றான் நௌஃபர். "நோட்டீஸ் ஒட்ட வந்தீங்களா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "ஐயா, தண்ணியில பிழையில்ல. சம்பல் நான் செஞ்ச. தேங்காப்பூ போட்டுச் சூட்டோட மூடின. உங்களுக்குப் போத்தல் சம்பலக் குடுத்து ஏமாத்தின."

பரிசோதகருக்குப் பாதிதான் விளங்கியது. அஸ்காவைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார்.

அஸ்கா உம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நல்ல, சுத்தமான, பல்கலைக்கழகத்துச் சிங்களத்தில் சொன்னாள். மாமாவின் தண்ணீர் சுத்தமானது, றிப்போட் வரும்வரை பொறுக்கும்படி அம்மா கெஞ்சுகிறார்.

ஸுலைஹா சிங்களம் படித்தவள் இல்லை. ஆனால் முப்பது வருசமாக சிலாபத்து வியாபாரிகளோடு மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் மல்லுக்கட்டியவள். மகள் சொன்னதில் சம்பல் இல்லை என்பது அவளுக்குக் கேட்டது. மகளின் தோளில் கை வைத்து, மெதுவாகத்தான், ஒதுக்கிவிட்டாள்.

"மாத்தயா," என்றாள் சந்தைச் சிங்களத்தில், "சம்போல மகே. பொல் தெம்மே மம. வெரெத்த மகே." சம்பல் என்னுடையது. தேங்காய் போட்டது நான். பிழை என்னுடையது.

அது எல்லாருக்கும் விளங்கியது. கூட்டத்தில் சத்தம் ஒரேயடியாக நின்று, பிறகு தேனீக்கூடு மாதிரி எழும்பியது. நாலைந்து போன் உயர்ந்தது. பரிசோதகர் பேனையை எடுக்காமலே கோப்பைப் பார்த்தார்.

"ஸபீனா" என்று விரலால் காட்டினார். "இங்க எழுதியிருக்கிதுதானே. ஒரே நம, ஒரே பேர்."

"அது அவன்ட. இது வேற. என்ட பேர எழுதுங்க."

"கடே நம?"

"கடை பேர் வேணாம். ஆள்ட பேர்." கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து சீட்டில் வைத்தாள். "சித்தி ஸுலைஹா. பாத்து எழுதுங்க."

அவர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிய தாளைப் புரட்டி அடியில் வைத்துவிட்டு, புதுத் தாளொன்றை எடுத்தார். எழுதி முடியும்வரை அவள் நின்றாள். உசனார் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர், "பொம்புளைக்கு இங்க என்ன வேல" என்று தொடங்கினார், அஸ்கா திரும்பி, "நீங்க சாப்பிட்ட சம்பலுக்கு எல்லாம் ஆர் வேல செஞ்ச எண்டு கேட்டீங்களா?" என்றாள். உயர்ந்திருந்த போன்களுக்கு முன்னால் போய் அவள் உம்மாவின் பக்கத்தில் நின்றாள், முகத்தை மறைக்காமல்.

சம்பல் இடிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் பரிசோதகர்.

"வாங்க, காட்டுறன்" என்றாள் ஸுலைஹா.

வீடு முந்நூறு யார் தூரம். அவள் முன்னால் நடந்தாள். பரிசோதகர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், பொலிஸ்காரர் வந்தார். நௌஃபரின் கேட்டில் நின்ற கூட்டம் அங்கிருந்து கழன்று, மணல் ஒழுங்கையில் அவளுக்குப் பின்னால் வரத் தொடங்கியது. திரும்பிப் பார்க்காமலே செருப்புச் சத்தத்தில் அது அவளுக்குத் தெரிந்தது. கால் மணலில் புதைந்தது. இன்னும் நூறு யார் போனால் அவள் மணல் போட்டுக் கழுவிக் கவிழ்த்த சட்டி, பாதி காய்ந்த கூனி, மண்டபத்தில் ஆளுயரத்துக்குப் பெட்டி.

பின்னால் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வரும் சத்தம் கேட்டது. ஸுலைஹா கழுத்தைச் சுருக்கினாள், அடி விழப் போகிறது என்று.

நௌஃபர். கையில் சாவிக்கொத்து இல்லை. கேட்டைத் திறந்து போட்டுவிட்டே வந்திருந்தான். அவளுக்கு இடது பக்கம் வந்து, கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில், அவள் நடைக்கு நடை வைத்தான். அவளைப் பார்க்கவில்லை.